பயப்படாதவர்களுக்கு மட்டும்

அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவில் யாரும் பயப்படுவதில்லை. பயப்பட அனுமதி கிடையாது. 'அச்சமற்ற மருத்துவமனை' என்று வாசலிலேயே ஆள் உயரத்துக்கு எழுதி மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் படம். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. நோயைப் பற்றி எழுதினால் பயம் வந்துவிடுமல்லவா?

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. சில வருஷங்களுக்கு முன்னால், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட ஒரு பெண்ணிடம் பெரிய டாக்டர் முடிவைப் பட்டென்று போட்டு உடைத்துவிட்டார். அவள் மயங்கி விழுந்தாள். விழுந்தவள் தரையில் விழுந்திருக்கலாம். பெரிய டாக்டரின் புத்தம்புதுக் கண்ணாடி மேஜைமேல் போய் விழுந்தாள். மேஜை சுக்குநூறாயிற்று. அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. மேஜை என்ன ஆயிற்று என்று மட்டும் விசாரணைக் குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. மேஜைமேல் குற்றமில்லை, வேகமாகச் சொன்ன டாக்டர்மேலும் குற்றமில்லை, எல்லாக் குற்றமும் பயத்தின்மேல்தான் என்று கண்டுபிடித்தது. அந்த வாரமே 'அமைதிப் பிரிவு' பிறந்துவிட்டது.

அமைதிப் பிரிவுக்கு ஒரே ஒரு விதிதான். முதல் பரிசோதனையில் கோளாறு தெரிந்த பெண், அடுத்த பரிசோதனைக்கு உள்ளறைக்குப் போக வேண்டுமானால், தான் அமைதியாக இருப்பதை நிரூபிக்க வேண்டும். உள்ளறைக் கதவுக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். விரலை அதில் நுழைத்தால் நாடித் துடிப்பைப் பார்க்கும். துடிப்பு நிதானமாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும். படபடவென்று அடித்தால் சிவப்பு விளக்கு. மனதைத் தேற்றிக்கொண்டு இன்னொரு நாள் வரவேண்டியதுதான். ஆக, தனக்கு என்ன கோளாறோ என்று பார்க்கப் போகிறவளுக்குப் பயம் இருக்கக்கூடாது. இப்படி ஒரு யோசனை நம்மைப் போன்றவர்களுக்கு உதிக்குமா? அதற்கெல்லாம் நிறையப் படித்திருக்க வேண்டும்.

பட்டனக்காவுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அவள் பொறுப்பு. முதலாளியிலிருந்து துணி வாங்க வருகிற பிள்ளைகள்வரை அவளை பட்டனக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் வீட்டோடு நின்றுபோயிற்று. நாற்பதைத் தாண்டியவள். புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கடைக்கு ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பெண்களுக்கான பரிசோதனை வண்டி வந்தது. முதலாளியம்மா எல்லாப் பெண்களையும் வரிசையில் நிற்க வைத்து, "கூச்சப்படாம போய்ட்டு வாங்கடி" என்று விரட்டினாள். பட்டனக்காவும் போய்ப் படுத்து எழுந்து வந்து, விட்ட இடத்திலிருந்து பட்டன் கட்டினாள். அதோடு மறந்தும் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது.

"வாழ்த்துகள் அம்மா! எங்க அமைதிப் பிரிவுக்கு நீங்க தேர்வாகியிருக்கீங்க."

"நான் எதுக்கும் எழுதிப் போடலையே?"

"அதெல்லாம் வேண்டியதில்லம்மா. உங்க ரிசல்ட்டே உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கு."

"ரிசல்ட்டு நல்லா இருக்குங்களா?"

"நல்லது கெட்டதுன்னு நாங்க பிரிச்சுப் பாக்கிறதில்ல. எல்லா ரிசல்ட்டும் எங்களுக்கு அழகானதுதான். வரும்போது வெளிர் நிறமா உடுத்திட்டு வாங்க. சிவப்பு மட்டும் வேணாம்."

பட்டனக்காவுக்கு அப்போதே பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு இனிமையாக அவளிடம் யாரும் பேசியதே இல்லை. கல்யாணம் பேசி முடித்தபோதுகூட இத்தனை இனிமையில்லை.

அமைதிப் பிரிவு இளஞ்சிவப்புச் சுவரும், மெத்தை வைத்த பெஞ்சும், மீன்தொட்டியுமாக ஜோராக இருந்தது. எங்கிருந்தோ புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே இருந்தது. அங்கே பொறுப்பாளராக இருந்த பெண்மணியை எல்லோரும் அமைதி மேடம் என்றார்கள். அவர் பேசினால், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி இருக்கும்.

"உங்க உடம்புல ஒரு சின்ன வித்தியாசம் தெரியுது" என்றார் அமைதி மேடம்.

"என்ன வித்தியாசம் மேடம்?"

"சொன்னா பயப்படுவீங்க."

"சொல்லாமலே பயமா இருக்குதே."

"பாத்தீங்களா? சொல்லாமலே இந்தப் பாடுன்னா, சொன்னா என்ன ஆவீங்க! அதனாலதான் நாங்க சொல்றதில்ல." மேடம் அவள் கையைத் தடவிக்கொடுத்தார். "உள்ளே ஒரு டாக்டர் இருக்காங்க. அவங்க பூதக்கண்ணாடி மாதிரி ஒண்ணு வெச்சுப் பாப்பாங்க. அவ்வளவுதான். வாங்க, விரலைக் கொடுங்க."

பட்டனக்கா விரலைக் கொடுத்தாள். சிவப்பு எரிந்தது.

"மாடிப்படி ஏறி வந்தேன் மேடம், அதான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று அமைதி மேடம் மிகுந்த அன்போடு சொல்லி, அவளை அமைதி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு அவளோடு பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எதையும் படித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் உள்ளவர், ஆகையால் அவருக்கு எப்போதும் சிவப்புதான். இன்னொருத்தி காய்கறிக்காரி. விடியற்காலை எழுந்து மார்க்கெட் போய் வருகிறவள், மெத்தை பெஞ்சைக் கண்டதும் குறட்டை விட்டுத் தூங்கினாள். தூக்கக் கலக்கத்தோடேயே அவள் விரலைப் பிடித்துப் பெட்டியில் வைத்தார்கள். பச்சை! அமைதிப் பிரிவே எழுந்து கைதட்டியது. உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன பண்ணாங்க?" என்று பட்டனக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம், அந்த டாக்டரம்மா உக்கார வெச்சு என்னென்னமோ விளக்கமா சொல்லிச்சு. பாத்துட்டு சின்னதா ஏதோ எடுத்துச்சு. மறுபடி ஒருநாள் வா, அதோட சரியாயிடும்னுச்சு. நான் கண்ணு காட்டத்தான் வந்தேன். கண்ணு அப்படியேதான் இருக்கு" என்று அலுத்துக்கொண்டே போனாள் காய்கறிக்காரி.

தன் உடம்பில் என்ன இருந்தது, அது எப்படிப் போயிற்று என்று தெரியாமலே அவள் பிழைத்துப்போனாள். நன்றாக இருக்கட்டும். அவள்மேல் நமக்கென்ன கோபம்?

பட்டனக்காவுக்கு உண்மையைச் சொன்னது ஒரு நர்ஸம்மாதான். குடிதண்ணீர்க் குழாயடியில், யாருமில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, கேட்டுக்கோங்க. எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ், புருஷன் பொஞ்சாதி சேர்க்கையில தொத்துறது. ரொம்பப் பேருக்கு வரும், ரொம்பப் பேருக்குத் தானாவே போயிடும். சிலருக்குப் போகாம கர்ப்பப்பை வாயில தங்கி, அங்க இருக்கிற சதையை மாத்திடும். உங்களுக்கு அந்த மாத்தம் தெரியுது. இது இன்னும் கேன்சர் ஆகியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா விட்டா ஆயிடலாம். இப்பவே உள்ள போய்ப் பாத்து எடுத்துட்டா, அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்ப நான் பயப்படணுமா, வேணாமாம்மா?"

"பயந்துதான் ஓடி வரணும் அக்கா. ஆனா இங்க பயந்தா உள்ள விடமாட்டாங்க. நான் என்ன பண்ண?" என்று நர்ஸம்மா கையைப் பிசைந்தாள்.

இப்போது பட்டனக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் நெஞ்சு சும்மா இருக்குமா? பெட்டியைக் கண்டாலே திக்திக்கென்று அடித்துக்கொண்டது. 'பயப்படாதே, பயப்படாதே' என்று தன்னைத்தானே அதட்டுவாள். அதட்டலில் இன்னும் கொஞ்சம் கூடும். சிவப்பு. மறுபடி சிவப்பு. அதற்கும் மறுபடி சிவப்பு.

ஆஸ்பத்திரி இதைக் கவனிக்காமல் இல்லை. குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போய் வருகிற பெண்களுக்கெல்லாம் சிவப்பு எரிகிறது என்று ஒரு நிபுணர் கண்டுபிடித்தார். உடனே தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தண்ணீரில் பயம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. பிறகுதான் நர்ஸம்மாவைப் பிடித்தார்கள். 'உண்மைத் தகவல்களை முன்னறிவிப்பின்றிக் கசியவிட்டார்' என்று குற்றம் சாட்டி, துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். போர்வைகளிடம் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

அமைதி வகுப்பு வாரம் தவறாமல் நடந்தது. ஒரு வகுப்பில் மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டே மூச்சு விட வேண்டும். இன்னொன்றில் கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ள வேண்டும். கடற்கரையே பார்த்திராத பட்டனக்கா, தையல் கடையை நினைத்துக்கொண்டாள். டீச்சர் ஒருநாள் கையைத் தூக்கினார்.

"எங்களுக்கு என்ன நோய்னு சொல்லிட்டு அப்புறம் மூச்சு விடச் சொல்லக் கூடாதா?"

"கேள்விங்கிறதே பதற்றத்தோட முதல் அறிகுறி" என்று அமைதி மேடம் மற்றவர்களுக்கு அவரை உதாரணமாகக் காட்டினார். டீச்சர் தொடக்க வகுப்புக்கு இறக்கப்பட்டார். காலமெல்லாம் பிள்ளைகளை பாஸ் போட்டு அனுப்பியவர், இந்த வயதில் பெயிலாகி மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனாள். அங்கே இருந்தவர்கள், "உங்க கேஸ் அவங்க கையில இருக்கு. அவங்க விடுவிச்சு அனுப்பினாத்தான் நாங்க தொட முடியும்" என்றார்கள். திரும்ப வந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்டாள். அமைதி மேடம் மனம் நொந்துபோனார்.

"வேற இடத்துக்குப் போகணும்னு தோணுதுன்னா, உள்ள பயம் இருக்குன்னுதானே அர்த்தம்? பயத்தோட உங்களை எப்படி வெளிய அனுப்புறது? பச்சை எரியட்டும், அன்னிக்கே விடுவிச்சிடறோம்."

"பச்சை எரிஞ்சா நான் இங்கேயே உள்ள போயிடுவேனே மேடம்?"

"அதேதான்! அப்ப எதுக்கு வேற ஆஸ்பத்திரி?"

பட்டனக்காவுக்குத் தலை சுற்றியது. மேடம் சொல்வதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அடுத்து புருஷனைக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு, காக்கி உடுப்போடே வந்தார் மனிதர். அவரை 'அமைதிக் காவலர்' ஆக்கி, மனைவி எதிரில் எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பேன் என்று உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். அவர் சொன்னார். பிறகு, நர்ஸம்மா சொன்னதை மனைவி மூலம் தெரிந்துவைத்திருந்தவர், மேடம் காதோடு கேட்டார்.

"இது... எப்படி வந்துச்சுங்க மேடம்? யார் மூலமா?"

"அந்தக் கேள்வி ரெண்டு பேருக்குமே நிம்மதி தராது. அதனால அதுக்கு இங்க பதில் கிடையாது" என்றார் மேடம். அடுத்த நிமிஷம் புருஷன் கையில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் படத்தைக் கொடுத்தனுப்பினார்.

ஒரு பதிலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், பதில் இல்லாததால் வீட்டுக்குள் வந்து குடியேறிக்கொண்டது. மனிதர் சொன்ன வாக்குப்படி சிரித்தார். சோறு போட்டால் சிரிப்பு, குழம்பில் உப்பில்லாவிட்டால் சிரிப்பு, டி.வி.யில் செய்தி வாசித்தால் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கூடத்தில் தனியாகப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். பட்டனக்கா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். 'என்னைத் தப்பா நினைக்கிறாரா? நான் என்ன பண்ணேன்?' என்று மனசு அடித்துக்கொள்ளும். அவரைக் கேட்கவும் வாய் வராது. இத்தனை வருஷம் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் காலம் தள்ளினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா? எனக்கு அதைப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

அவர் சிரிப்பு அப்படியே அறுந்து விழுந்தது. முகம் கோணிக்கொண்டது. "என்னாலயாம்மா?" என்றார். "என்னாலதான் உனக்கு இது வந்துச்சா? கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாங்க. உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குத் தெம்பு இல்ல. அதான் வெளிய படுத்துக்கிட்டேன்."

அட, பைத்தியக்கார மனுஷா! அவர் தன்னைச் சந்தேகிக்கிறாரோ என்று அவள் செத்துக்கொண்டிருந்தாள். அவர் தன்னையே சந்தேகித்துச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த நர்ஸம்மாவைத் துணி வெளுக்கிற இடத்துல போய்ப் பாத்தேன்" என்றாள் பட்டனக்கா. "யார்கிட்டேருந்து, எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதாம். உடம்புல வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்குமாம். உலகத்துல முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுப் போறதுதானாம். உங்களாலயும் இல்ல, என்னாலயும் இல்லங்க. வந்துச்சு, அவ்வளவுதான்."

அவர் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். உறுதிமொழி போயே போச்சு. அன்றைக்கு இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் காலையில் பெட்டியில் விரலை வைத்திருந்தால் பச்சை எரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. விருது விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம், விருது. நாட்டிலேயே அச்சம் குறைந்த மருத்துவமனை என்று அதற்கு விருது கொடுத்தார்கள். பெரிய பெரிய மனிதர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அமைதி வகுப்புப் பெண்களையும் வெளிர் நிறம் உடுத்தச் சொல்லி, மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"போன வருஷம் இந்த மருத்துவமனையில் பயந்த பெண்களின் எண்ணிக்கை பூஜ்யம்! ஏனென்றால், பயந்த யாரையும் நாங்கள் உள்ளே விடவில்லை. எங்கள் உள்ளறை மேஜையில் படுத்த ஒவ்வொரு பெண்ணும் புன்னகையோடு படுத்தாள். சிலர் கேட்கிறார்கள், நோய் குறைந்ததா என்று. நோய் வேறு துறை. மனிதனை நோய் கொல்வதில்லை, பயம்தான் கொல்கிறது. எங்கள் பெஞ்சில் காத்திருப்பவர்களில் யாராவது இறந்தால்கூட, அவர்கள் நோயால் இறந்தார்கள் என்று நாங்கள் ஒருபோதும் எழுதியதில்லை."

கைதட்டல் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. டீச்சர் மட்டும் தட்டவில்லை. அவர் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பெட்டியை மேடைக்குக் கொண்டு வந்தார்கள். செயல்முறை விளக்கமாம். பட்டனக்காவைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்கள். அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சு வாய்வழியே வெளியே வந்துவிடும்போல் இருந்தது. விரலை நுழைத்தாள். பச்சை!

பச்சையா? பட்டனக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பந்தலில் கரகோஷம் அடங்குமுன்னே அமைதி மேடத்தின் கையைப் பிடித்தாள்.

"மேடம், எரிஞ்சிடுச்சே! இப்பவே உள்ள போயிடட்டுமா?"

மேடம் மைக்குக்கு எட்டாத குரலில், அதே தாலாட்டுக் குரலில் சொன்னார். "இது விழாவுக்காகக் கொண்டாந்த பெட்டிம்மா. இதுல ரெண்டு பல்புமே பச்சைதான். அழகா கீழ இறங்குங்க, போட்டோ எடுக்கறாங்க."

அவள் அழகாகத்தான் இறங்கினாள். இறங்கிப் பந்தலுக்குப் பின்னால் போய், சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கியிருந்த இடத்தில், வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். "என் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்குமாவது நான் இருக்கணும்" என்று அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியிடம் சொன்னாள். முன்பின் தெரியாத அந்தப் பொம்பளை ஈரக்கையோடு அவள் முதுகைத் தடவினாள். அந்த ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நடந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மழைக்காலம் ஒன்று போய், அடுத்ததும் வந்தது. பட்டனக்காவுக்குத் தீட்டு நாள் அல்லாத நாட்களிலும் ரத்தம் பட ஆரம்பித்தது. வகுப்பில் மெல்ல எழுந்து சொன்னாள். அமைதி மேடம் உதட்டில் விரலை வைத்து, "அறிகுறி பேசறதுக்கு இது இடமில்ல. பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் துடிப்பு ஏறும்" என்றார். உள்ளே இருக்கிற டாக்டரிடமாவது நேரில் சொல்லலாம் என்று பார்த்தால், அந்த டாக்டரம்மா வருவதும் போவதும் பின்பக்க வழியில். வெள்ளைக் கோட்டைக் கண்டால் பெண்களுக்குப் படபடப்பு வரும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. கதவைத் தட்டிப் பார்த்தாள். காவலாள் வந்து, தட்டினால் மீன்கள் பயப்படும் என்றார்.

பிறகு இடுப்பு வலி வந்தது. உடம்பு இளைத்தது. முதலாளியம்மா, "வீட்ல இருந்துக்கோடி, கூலியைக் குடுத்தனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். பட்டனக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். இனி யாரும் தனக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று ஒருநாள் அவளுக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு இருந்துவிடலாம் என்ற ஆசை இருக்கிறவரைக்கும்தானே பயம்? ஆசை போயிற்று. அதன் பின்னாலேயே பயமும் போயிற்று.

அந்த வாரம் வழக்கம்போல் போய் விரலை வைத்தாள்.

பச்சை எரிந்தது. அசல் பெட்டியில் அசல் பச்சை.

அமைதி மேடத்துக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. பெரிய டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "விடாமுயற்சிக்கு இந்த அம்மா ஒரு எடுத்துக்காட்டு" என்று அங்கேயே ஒரு சின்ன உரை ஆற்றினார். ஊழியர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். நடக்க முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பட்டனக்கா அந்தக் கைதட்டலுக்கு நடுவே நடந்து உள்ளே போனாள்.

உள்ளறை சின்னதாகத்தான் இருந்தது. ஒரு மேஜை, ஒரு விளக்கு, கழுவி அடுக்கிய கருவிகள். வயதில் இளைய டாக்டரம்மா. காலடிச் சத்தம் கேட்டதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"வாங்கம்மா, வாங்க! உக்காருங்க. இங்க எப்பவாவதுதான் யாராவது வர்றாங்க. மத்தவங்கல்லாம் வெக்கப்பட்டுக்கிட்டு வர மறுக்கறாங்கன்னு மேல சொல்றாங்க. நானும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் விளக்கைப் போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று படபடவென்று பேசினாள். என்ன செய்யப்போகிறாள், ஏன் செய்யப்போகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பட்டனக்காவுக்கு அதைக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. இப்படிச் சொல்வதற்கு அப்படி என்ன நேரம் ஆகிவிட்டது?

டாக்டரம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பேச்சு நின்றுபோயிற்று. கையுறையைக் கழற்றி வைத்தாள்.

"இது உள்ள பரவ ஆரம்பிச்சிருச்சும்மா. இனிமே சின்ன வேலை இல்ல. பெரிய சிகிச்சை வேணும், அனுப்பி வைக்கிறேன். முயற்சி பண்ணுவோம். ஆனா..." அவள் முதல் ரிசல்ட் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். "முதல் ரிசல்ட் எப்பவோ வந்திருக்கே! அப்ப வந்திருந்தா அன்னிக்கே எடுத்துட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே. இவ்வளவு நாள் எங்கம்மா இருந்தீங்க?"

பட்டனக்கா எழுந்து உட்கார்ந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளுடையது குற்றம் சொல்கிற குரலாகவே இல்லை, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவருக்குப் பதில் சொல்கிற குரல்.

"இங்கதான் டாக்டர் இருந்தேன். இந்தக் கதவுக்கு வெளிய, பெஞ்சுல."

டாக்டரம்மா கதவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "பெஞ்சுலயா?" என்றாள். "இன்னும் யாராவது இருக்காங்களா?"

"நிறையப் பேர் இருக்காங்க. வெக்கமெல்லாம் யாருக்கும் இல்ல. பயம்தான். பயந்தா உள்ள விடமாட்டாங்க."

டாக்டரம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். அதைப் பார்த்ததும் பட்டனக்காவுக்கும் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. மகளை நினைத்து, கூடத்தில் தனியாகப் படுத்திருந்த மனிதரை நினைத்து, வாயில் துணியை அடைக்காமல், வாய்விட்டு அழுதாள்.

கதவு தட்டப்பட்டது. அமைதி மேடத்தின் குரல். "டாக்டர், உள்ள அழுகைச் சத்தம் கேக்குது. வெளிய இருக்கிறவங்களுக்கெல்லாம் துடிப்பு ஏறுது. கொஞ்சம் மெதுவா..."

பட்டனக்கா மேஜையிலிருந்து இறங்கினாள். மேடம் எதிரே நிற்கிறார் என்றும் பாராமல் கதவை முழுக்கத் திறந்தாள். பெஞ்சு நிறையப் பெண்கள், வெளிர் நிறம் உடுத்து, அவள் அழுத முகத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கோடியில் டீச்சர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கெல்லாம் பயமா இருக்கு?" என்று கேட்டாள் பட்டனக்கா.

எல்லோரும் மீன்தொட்டியைப் பார்த்தார்கள். அப்படித்தானே பழக்கியிருக்கிறார்கள். டீச்சர் மட்டும், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோல், மெல்லக் கையைத் தூக்கினார்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கும்மா."

"அப்ப நீங்க முதல்ல வாங்க" என்றாள் பட்டனக்கா. அமைதி மேடத்தைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போய் டீச்சரின் கையைப் பிடித்து எழுப்பினாள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.